அடுப்படியில் ஒரு கள்ளுக்கடையா?

தோழர்களே!

"கடையில் பீர் விலை ஏறிவிட்டது; வீட்டிலேயே போட்டுக் குடித்தால் என்ன? முதல் தடவைதானே, ஒரு வாளி போட்டுப் பார்ப்போம்!" லயத்து வாசலில் எழும் பேச்சு இது. சொல்கிறவர் நம் எதிரி அல்லர். நம்மோடு பெரட்டில் நிற்கும் பாட்டாளி. ஆகவே வசை வேண்டாம். கணக்கால் பதில் சொல்வோம்.

பீர் வடிக்கும் சரக்கல்ல. புளிக்க வைக்கும் சரக்கு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவுடன் சுமார் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் கலந்து, ஒன்றிரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். பெரும்பாலான பீருக்கு 20 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த வெப்பமே ஏற்றது. ஜொகூர் வெயிலில் நம் வீடுகளோ நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டுகின்றன! பாத்திரத்தில் அழுக்கிருந்தால் சரக்கு கெடும். புளிப்பு முடியுமுன் இறுக அடைத்தால் புட்டி வெடிக்கும். சாமான்களுக்குப் பணம் கொட்டி, முதல் வாளி கால்வாய்க்குப் போனால், மிச்சமானது என்ன?

இங்கேதான் வழி வழுக்குகிறது. "கெட்டதை வீணாக்குவானேன், வடித்துப் பார்ப்போம்" என்பான் ஒருவன். பார்லிக்குப் பதில் சீனி வரும். பீருக்குப் பதில் சம்சு வரும். பக்கத்து வீட்டுக்காரர் காசு நீட்டுவார். வாளி கடையாகும், கடைக்கு வெளியாள் பீப்பாய் கொண்டு வருவான்.

அந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறது? தானியம் புளிப்பதால் மட்டும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் சேராது. கொல்வது, லாபத்துக்காகக் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்கிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கும், வயிறு புரட்டும், மூச்சு வாங்கும். அப்போது "தூங்கினால் சரியாகும்" என்று கிடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்! 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சு மதுவால் பலர் மாண்டனர். அவர்களில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளரும் உண்டு. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாண்டவர் யார்? முதலாளிகளா? அன்றாடங்காய்ச்சிகள்!

சட்டத்தையும் மறவாதீர். உரிமமின்றி மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வேலையும் போகலாம். வேலையோடு தோட்ட வீடும் போகலாம்.

நம் வரலாறு என்ன சொல்கிறது? அன்று தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. பால்வெட்டிச் சம்பாதித்த காசு மாலையில் அங்கே திரும்பிப் போயிற்று. போதையில் கிடந்தவனைக் காட்டி, "இவன் குடிகாரன், இவனுக்கேன் கூலி உயர்வு?" என்றது நிர்வாகம். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கு என்பதும் அதே பட்டியலில் இருந்தது. கிராணித் தோழர்களே, அதை நாமும் நினைவில் வைப்போம்! தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். அவர்கள் அடி வாங்கி மூடச் சொன்ன கடையை, நாம் நம் அடுப்படியில் திறப்பதா?

நாம் உபதேசம் செய்ய வரவில்லை. விடியுமுன் மரத்தடிக்குப் போய், உடல் நோகத் திரும்புகிறவனுக்கு மாலையில் போக இடமில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே குடிப்பவனை மட்டும் குற்றம் சொல்லி ஓய மாட்டோம். விளையாட்டுத் திடல் எங்கே? படிப்பகம் எங்கே? மருத்துவ வசதி எங்கே? வாழ்வதற்குப் போதுமான சம்பளம் எங்கே? அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றை எழுத்தில் வைப்போம். லயத்துக்குள் சம்சு விற்க வருகிறவனைக் கூட்டாக நின்று திருப்பி அனுப்புவோம்.

வாளியை மூடுங்கள், தோழர்களே! வாயைத் திறந்து உரிமையைக் கேளுங்கள்!