எண்ணெய் வைத்தும் முடி கொட்டுதா?

"முடி கொட்டுது" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோ வரை எல்லா மாமிமாரும் ஆளுக்கொரு எண்ணெய் சொல்லுவினம். கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, செவ்வரத்தம்பூ போட்டுக் காய்ச்சினது. பிள்ளைகள் தங்கள் பங்குக்கு டிக்டொக் பார்த்து ரோஸ்மேரி வாங்குகிறார்கள்.

தேங்காய் எண்ணெயின் நல்ல பெயர் நியாயமானதுதான். அது முடிக்குள் இறங்கி, தலை கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். 2003இல் வெளியான இந்திய ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயால் அது முடியவில்லை. ஆனால் இது இருக்கிற முடி முறியாமல் காக்கும் வேலை. வேரோடு கழன்று விழும் முடி வேறு கதை.

விழுந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கோ. நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் விழும். திடீரெண்டு கொத்தாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது எண்டு யோசியுங்கோ: கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட். என் தங்கச்சிக்குப் பிரசவமாகி நாலாம் மாதம் சீப்பு நிறைய முடி. அம்மா அனுப்பின எண்ணெயை வைச்சாள், பிள்ளைக்கு ஒரு வயசாக முடி திரும்பி வந்திட்டுது. எண்ணெய்க்குத்தான் புகழ்! வைக்காவிட்டாலும் அனேகமாக வந்திருக்கும்.

அக்காவின் மகளுக்கு அப்படி இல்லை. 15 வயது, மரக்கறிச் சாப்பாடு, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஆறு மாதம் எண்ணெய் மாற்றி மாற்றி வைத்தார்கள். படியேறவே அவளுக்குக் களைத்தது. "இரவிரவா போன் பார்க்கிறாள்" எண்டு விட்டாச்சு. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மாத்திரை தொடங்கி முதலில் போனது களைப்புத்தான். முடி நிற்க இன்னும் சில மாதம் எடுத்தது.

ரோஸ்மேரியை நான் தள்ளிவிடவில்லை. 2015இல் வெளியான ஆய்வொன்றில், பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப்பேர் அதைப் பூசினர், மற்றவர்கள் 2% மினொக்சிடில். ஆறாம் மாதம் இரு பக்கமும் முடி கொஞ்சம் கூடியது. எதுவும் பூசாத மூன்றாவது கூட்டம் இல்லாததால் அதற்கு மேல் சொல்லேலாது. நேராகத் தலையில் ஊற்ற வேண்டாம், எரியும். தேங்காய் எண்ணெயில் சில துளி போதும்.

மகளுக்கோ மகனுக்கோ கொட்டுது என்றால் வைத்தியரிடம் ஃபெரிட்டினும் தைரொய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. காசளவு வட்டமாக முடி போயிருந்தால் எண்ணெய் வைத்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் முழுக்கு தாராளமாக நடக்கட்டும், பின்னலை மட்டும் இறுக்கிக் கட்டாதேங்கோ.