எதிர்ப்பவருக்கான வாசல்

பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் மாத்திரை பெடாகுவிலின். அதன் மூலக்கூறுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் பெற்றிருந்த காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தது. அதே மூலக்கூறின் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்கு அந்நிறுவனம் தனியாகக் கேட்டிருந்த காப்புரிமையும் கிடைத்திருந்தால், ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எதிர்த்து மனு கொடுத்தவர்களில் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமெசா டிசிலேவும் உண்டு. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள்; பழைய ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். அந்த ஆண்டிலேயே பொதுப்பெயர் மருந்து போட்டிக்கு வந்தது; சர்வதேசக் கொள்முதலில் ஒரு சிகிச்சைக்கான விலை சுமார் 290 டாலரிலிருந்து 130 டாலருக்கு இறங்கியது.

காப்புரிமை வழங்குவதற்கு முன்பே எவர் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது நம் சட்டத்தின் 25(1) பிரிவு. பொருளாதாரக் கண்ணோட்டத்தில் இதை மிக அவசியமான ஏற்பாடாகவே கருதுகிறேன். ஏகபோகத்தின் லாபம் ஒரே நிறுவனத்திடம் குவிகிறது. அதன் செலவோ லட்சக்கணக்கான நோயாளிகளிடமும் அரசு மருத்துவமனைகளிடமும் சிதறிக் கிடக்கிறது. லாபம் பெறுபவருக்கு வழக்கறிஞர் வைக்கக் காரணமும் பணமும் இருக்கின்றன. செலவைச் சுமப்பவருக்குத் தன்னைப் பாதிக்கும் ஒரு விசாரணை நடப்பதே தெரியாது. எதிர்ப்பு மனு இல்லையென்றால், பரிசோதிக்கும் அலுவலர் முன் வாதாட ஒரு தரப்புதான் இருக்கும். அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் செயல்திறனைக் காட்ட வேண்டும் என்ற 3(டி) பிரிவு எவ்வளவு வலுவாக எழுதப்பட்டிருந்தாலும், அதை எடுத்துக்காட்டி வாதிட ஆள் வேண்டும்.

ஏகபோகம் இல்லாவிட்டால் யார் ஆராய்ச்சி செய்வார்கள் என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனால் பெடாகுவிலினின் மூலக்கூறுக்கு முழு இருபது ஆண்டுப் பாதுகாப்பை இந்தியா கொடுத்தது. மறுத்தது அதற்கு மேலான நீட்டிப்பைத்தான். காசநோய்க்குப் புதிய வகை மருந்து வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆனதும் காப்புரிமைக் குறைவால் அல்ல. நோயாளிகள் ஏழைகள், சந்தை சிறியது. பெடாகுவிலினின் மருத்துவ ஆய்வுகளுக்கே பொதுப் பணம் பெருமளவில் தேவைப்பட்டது. சிறு மேம்பாடுகளுக்கு ஊக்கம் போய்விடும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. நோவார்டிஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில் 2013இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 3(டி) பிரிவின் செயல்திறன் என்பதைக் குணப்படுத்தும் திறன் என்றே பொருள் கொண்டதால், வெப்பத்தைத் தாங்கும் வடிவம் போன்ற பயனுள்ள மாற்றங்களும் விடுபடலாம். அவற்றுக்குப் பரிசோ மானியமோ தரலாம். நோயாளியின் தலையில் விலையைக் கட்டுவது மட்டுமே வழியல்ல.

பினாமி எதிர்ப்பாளர்கள் காப்புரிமை விசாரணையை இழுத்தடிக்கிறார்கள் என்ற புகாரும் உண்மைதான். ஆனால் காப்புரிமை கிடைத்தபின், விண்ணப்பம் வெளியான நாளிலிருந்தே இழப்பீடு கோர விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. தாமதத்தின் பெரும்பகுதியைச் சட்டம் இப்படி ஈடுசெய்கிறது. தவறாக வழங்கப்பட்ட காப்புரிமையால் மருந்து எட்டாமல் போனவருக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்து, அது ஏற்கத்தக்கதா என்பதை அலுவலரே முதலில் தீர்மானிக்கவும் வழிசெய்கின்றன. பெரிய நிறுவனம் நிறுத்தும் பினாமிக்கு அந்தக் கட்டணம் பொருட்டே அல்ல. நோயாளிகள் சங்கங்களுக்காவது அதை அரசு உடனே நீக்க வேண்டும்.