ஒப்பாரி ஒரு ‘மூட்’ அல்ல

மெல்லிய கிடார், மங்கிய வெளிச்சம், இழுத்துப் பாடும் குரல். பழைய பாட்டுகளை இப்படி மெதுவாக்கி, ‘கவர்’ ஆல்பமாக வெளியிடுவது இன்று இசைக்குழுக்களின் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒப்பாரியும் சேரும்போது நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சினிமாப் பாட்டைக் கவர் செய்தால் பதிப்புரிமைச் சட்டம் வந்து நிற்கும். 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; உரிமையாளருக்கு முன்கூட்டியே ராயல்டி கட்ட வேண்டும். ஒப்பாரிக்கு? ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லில் கணக்கு முடிந்துவிடுகிறது. நிலத்துக்குப் பட்டா மறுக்கப்பட்டவர்களின் பாட்டுக்கும் பட்டா இல்லை.

எமரால்டில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தரவே, 1968இல் இந்த மாவட்டத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் வேரும் அந்த வரலாறுதான். இலங்கைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து தெருக்குரல் அறிவு அதன் வரிகளை எழுதினார். அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. உலகம் அறிந்த கலைஞருக்கே இந்த நிலை என்றால், லயன் வீட்டில் பாடும் பாட்டிக்கு?

ராக் இசை நமக்குப் பகை அல்ல. கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து, 2018இல் மேடையேறியது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அதன் பெயருக்குப் பின்னால் இருப்பது, இதே நீலகிரியில் இயங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. அங்கே பறைக்கும் கானாவுக்கும் சொந்தக்காரர்கள் மேடையிலேயே இருந்தார்கள். வித்தியாசம் அதுதான்.

சாவு வீட்டில் பாடுகிறவர் அழுவது மட்டுமில்லை, கணக்கும் கேட்கிறார். உழைத்த உடம்புக்கு என்ன மிஞ்சியது என்று கேட்கிறார். கேள்வியை வெட்டிவிட்டு மெட்டை மட்டும் எடுத்தால், எஞ்சுவது வெறும் ‘மூட்’. அடுத்தவர் துக்கம் நமக்கு இரவுநேரப் பிளேலிஸ்ட் ஆகிவிடுகிறது.

தோழர்களே, கல்லூரி விழாவுக்காக ஒரு ஒப்பாரியை எடுக்கிறீர்களா? பாடியவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் பெயரை, ஊரை, அவர் செய்த வேலையை மேடையில் சொல்லுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள்.

பாடுங்கள். யாருடைய பாட்டு என்பதையும் சேர்த்தே பாடுங்கள்.

ஜெய்பீம்.