மிலிட்டரி தாத்தா சொல்லும் கதையை யார் எழுதுவது?

குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு, காலையிலேயே ஷேவ் செய்த முகம். "இதெல்லாம் ஒரு குளிரா தம்பி? நாங்க லடாக்ல இருக்கும்போது..." என்று ஆரம்பிப்பார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டாருய்யா" என்பார்.

தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் இந்த மனிதரைத் தெரிந்திருக்கும். பேர் மறந்துபோய், ஊரே 'மிலிட்டரிக்காரர்' என்றே கூப்பிடும். அவர் வீடு மிலிட்டரிக்காரர் வீடு, அவர் மனைவி மிலிட்டரிக்காரர் சம்சாரம். கேன்டீன் சரக்கு, பென்ஷன், நவம்பர் மாதத்து லைஃப் சர்டிபிகேட் எல்லாம் பேசுவார். ஆனால் பதினைந்து, இருபது வருடம் அங்கே என்ன பார்த்தார் என்று கேட்டால், "அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு வே?" என்று நிறுத்திவிடுவார். சொன்னாலும், அது டீக்கடையோடு போய்விடும். அதை யாரும் எழுதுவதில்லை.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தவர்கள் எழுதுவது டெல்லியில் ஒரு பெரிய சங்கதியாகிவிட்டது. 2019 கடைசியிலிருந்து 2022 ஏப்ரல் வரை ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் எம்.எம்.நரவணே, 'ஃபோர் ஸ்டார்ஸ் ஆஃப் டெஸ்டினி' என்று சுயசரிதை எழுதினார். 2024 ஜனவரியில் வர வேண்டிய புத்தகம். அதற்கு முந்தைய மாதமே சில பகுதிகள் செய்தியாக வந்தன. அக்னிபத் திட்டம் எப்படி உருவானது, 2020-ல் சீன எல்லையில் ஒரு ராத்திரி என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அப்புறம் அனுமதி, பரிசீலனை என்று புத்தகம் நின்றுவிட்டது. 2025-ல் அதே நரவணே கொண்டுவந்தது ஒரு த்ரில்லர் நாவல், 'தி கன்டோன்மென்ட் கான்ஸ்பிரசி'. நடந்ததைச் சொல்ல வழியில்லாதபோது கதை சொல்லலாம் என்பது தளபதிக்கே பொருந்துகிறது, பாருங்கள்.

நாவல் பக்கம் போன முதல் தளபதியும் அவர் இல்லை. நம்ம தமிழர், ஜெனரல் சுந்தர்ஜி, ஓய்வுக்குப் பிறகு 1993-ல் 'பிளைண்ட் மென் ஆஃப் ஹிந்துஸ்தான்' எழுதினார். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அணு ஆயுதப் போர் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கற்பனையில் ஓட்டிப் பார்த்த புத்தகம். சுயசரிதையை முடிக்காமலே 1999-ல் இறந்துபோனார். இரண்டுமே ஆங்கிலம். மேஜர் முகுந்த் வரதராஜன் கதை 2024-ல் 'அமரன்' ஆகத் தியேட்டருக்கு வந்தபோது குடும்பம் குடும்பமாக அழுதோம். அந்தப் படத்துக்கு ஆதாரமும் இரண்டு பத்திரிகையாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-லிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. இவ்வளவு நீண்ட பட்டாளப் பாரம்பரியம் இருந்தும், ஒரு நாயக்கோ ஹவில்தாரோ தமிழில் எழுதிய நினைவுக் குறிப்பு உங்கள் வீட்டு அலமாரியில் ஒன்றாவது இருக்கிறதா?

எழுதாமல் விட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். இதே சீமையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நெற்கட்டும்செவல், சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை. இன்றைக்கு இவையெல்லாம் தென்காசி மாவட்டத்து ஊர்கள், அன்றைக்குப் பாளையங்கள். பூலித்தேவனில் ஆரம்பித்து ஊமைத்துரை, மருது சகோதரர்கள் வரை கம்பெனியை எதிர்த்துச் சண்டை போட்ட ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒரு வீரன்கூட தன் கதையை எழுதிவைக்கவில்லை. எழுதியது எதிர்ப்பக்கத்து ஆள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, பதினைந்து பதினாறு வயதில் மெட்ராஸுக்குக் கப்பலேறி வந்தவர். கிட்டத்தட்ட நாற்பது வருட சர்வீஸ். டைரி எழுதும் பழக்கம் இருந்தது. 1830-ல் லண்டனில் 'மிலிட்டரி ரெமினிசன்சஸ்' என்று இரண்டு பாகமாக அதைப் புத்தகமாக்கினார்.

வளரி எறிவதைப் பற்றி இன்றைக்கு மேடையில் பேசுகிறவர்கள் பலர் சுற்றிச் சுற்றி வருவது இந்தப் புத்தகத்துக்குத்தான். ஈட்டி வீசவும் வளரி எறியவும் தனக்குக் கற்றுக்கொடுத்தது சின்ன மருது என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். பழக்கமான மனிதர். பிறகு 1801-ல் அதே மனிதருக்கு எதிரான படையில் இவர். அக்டோபரில் மருதுவைத் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, செத்தவர்களுக்கு நடுவே காயத்தோடு கிடந்த ஊமைத்துரையை ஒரு பெண் காப்பாற்றினதையும் அவர்தான் பதிவு செய்கிறார். மகனைத் தேடிப் போனவள் அவள். உயிர் போகிற நிலையிலும் அந்த மகன், என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்றானாம். துரத்தி வந்தவர்களிடம் அம்மை போட்டுச் செத்தவன் என்று சொல்லித் தப்ப வைத்தார்கள். இந்தச் சம்பவத்தை வெல்ஷ் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அந்தத் தாயின் பெயர்கூட அதில் இல்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது இன்னொரு இடம். சின்ன மருதுவின் மகன் துரைசாமியைப் பதினைந்து வயதில் நாடு கடத்தினார்கள். 1818-ல் வெல்ஷ் பினாங்கு போகிறார். உருக்குலைந்த ஒரு ஆள் எதிரே வந்து நிற்கிறார். யார் என்று கேட்டால், துரைசாமி. கணக்குப் பார்த்தால் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார், பார்க்கக் கிழவர் போல இருந்தாராம். வெல்ஷ் மனம் கலங்கினார் என்பது எழுத்தில் தெரிகிறது. ஆனால் துரைசாமி மனதில் என்ன ஓடியது? அந்தப் பதினாறு வருடத்தை எப்படித் தள்ளினார்? அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வெல்ஷ் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவர் கம்பெனி ஆள். அவர் கண்ணில் பட்டதுதான் நமக்குக் கிடைத்தது.

'எழுதினா கேஸ் வந்துடுமே' என்று பயப்படும் மிலிட்டரிக்காரர்களும் உண்டு. பயம் முழுக்கப் பொய்யில்லை. பணியில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் எதையும் வெளியிட முடியாது. 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றாலும் விடாது. உளவுத்துறை பற்றி எழுதியதற்காக ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் வி.கே.சிங் மீது 2007-ல் சி.பி.ஐ வழக்கே போட்டது. ஆனால் ஒரு சிப்பாயின் நினைவில் இருப்பதில் ரகசியம் எத்தனை சதவிகிதம்? ஜபல்பூரில் ரயில் மாறியது, சப்பாத்தி மாவு பிசையக் கற்றது, இந்தி தெரியாமல் முதல் மாதம் வாங்கின திட்டு, பங்கரில் பக்கத்துப் படுக்கைக்காரன் காலையில் எழுந்திருக்காமல் போனது. இதற்கெல்லாம் எந்த அமைச்சகமும் முத்திரை குத்த வேண்டியதில்லை. படைப்பிரிவு பெயர், ஆயுதக் கணக்கு, எந்த மலையில் எந்த போஸ்ட் என்பதை விட்டுவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிக்குக் கதை இருக்கிறது. வியட்நாமுக்குப் போய்வந்த அமெரிக்கர் டிம் ஓ'பிரையன் 1973-ல் நினைவுக் குறிப்பாக எழுதினார். அது போதவில்லை போல. 1990-ல் அதே அனுபவத்தைச் சிறுகதைகளாக எழுதிய புத்தகத்தால்தான் உலகம் அவரை அறிந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அக்னிபத்தில் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு, 2026 முடிகிற நேரத்தில் நான்கு வருடம் நிறைகிறது. அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் தொடர்ந்து வேலை. மற்றவர்கள் இருபதுகளிலேயே பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். 'முன்னாள் வீரர்' என்றால் இனி வெள்ளை மீசை மட்டுமில்லை, உங்கள் தெருவில் பைக் ஓட்டுகிற பையனும்தான். அந்த நான்கு வருடம் எப்படி இருந்தது என்பதை டி.வி விவாதத்தில் யாரோ சொல்வதை விட, அவனே எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"எனக்கு எழுத வராதே" என்பார் தாத்தா. வர வேண்டாம். போனில் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் வையுங்கள். 'போர்ல என்ன நடந்துச்சு?' என்று கேட்காதீர்கள், வாயைத் திறக்க மாட்டார். முதல் லீவில் வந்தபோது தென்காசி ஸ்டேஷனில் யார் கூப்பிட வந்தார்கள் என்று கேளுங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், பாதி தேதியை அவர்தான் திருத்துவார். பரண் மேலே பேரும் நம்பரும் வெள்ளை பெயின்டில் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டி இருந்தால் இறக்குங்கள். உள்ளே 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ' என்று முகவரி போட்ட இன்லேண்ட் லெட்டர்கள் கட்டாக இருக்கலாம். எந்த மலையில் இருக்கிறார் என்றே தெரியாமல் பாட்டி எழுதினவை. முதலில் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.