இரண்டாவது மாத்திரை எழுதப்படும் முன்

எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன: எசிடலோப்ராம் 10 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் ஒரே மாத்திரையில். எனக்கும் அதுவே தரப்பட்டது. மூன்றாம் வாரத்தில் பலனில்லை என்றேன். உடனே இன்னொரு மருந்து சேர்ந்தது. மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. (உட்கொள்ளவில்லை. பகலெல்லாம் உறக்கம் அழுத்தியதால் பாதி நாட்கள் விட்டுவிட்டேன்.)

மருந்தே நஞ்சு என்போர் இப்பதிவைத் தமக்குச் சான்றாக்க வேண்டாம். 2006இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்தில் நோய் முற்றும் தணிந்தவர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. எஞ்சியோருக்கு வேறு வழி வேண்டும். இரண்டு மருந்துகளேனும் பலனளிக்காத முதியோரிடம் நடந்து 2023இல் வெளியான ஆப்டிமம் ஆய்வில், அரிப்பிப்ரசோலைச் சேர்த்தவர்களில் 29 விழுக்காட்டினரும், புப்ரோபியானைச் சேர்த்தவர்களில் 28 விழுக்காட்டினரும், புப்ரோபியானுக்கு மாறியவர்களில் 19 விழுக்காட்டினரும் தணிவு கண்டனர். புப்ரோபியானைச் சேர்த்தவர்கள் தவறி விழுந்தது மிகுதி என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது. லித்தியம் சேர்க்கும் முறையோ 1981 முதல் அறியப்பட்டது. ஆகவே சேர்ப்பது பிழையன்று.

ஆனால் அவ்வாய்வுகளில் 'பலனில்லை' என்பது அளந்து சொல்லப்பட்ட சொல். போதிய அளவில், போதிய வாரங்கள் மருந்து கொடுத்து, மதிப்பெண் இட்டுப் பார்த்த பிறகே அம்முடிவு. நம் புறநோயாளர் அறையிலோ ஒரு பெருமூச்சே அளவுகோல். தைராய்டு குறைவா, இருமுனைக் கோளாறா என்ற ஐயமும் எழுவதில்லை.

கூட்டு மாத்திரை இக்குழப்பத்தை இன்னும் இறுக்குகிறது. எசிடலோப்ராமை 20 ஆக உயர்த்த அதே மாத்திரையை இரண்டாக்கினால் குளோனசிபாமும் இரட்டிக்கிறது. குளோனசிபாமைக் குறைக்க மாத்திரையைப் பாதியாக்கினால் எசிடலோப்ராமும் பாதியாகிறது. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில வாரங்கள் உதவக்கூடிய, பழக்கத்துக்கு அடிமைப்படுத்தவும் வல்ல ஒரு மருந்தை, மனச்சோர்வைத் தீர்க்கும் துணை மருந்தென எண்ணி மாதக்கணக்கில் விழுங்குகிறோம்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பர். உண்மைதான், 2015-16 தேசிய மனநல ஆய்வு மனச்சோர்வுற்றோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றது. ஆயினும் பிஎச்கியூ-9 என்னும் வினாப்பட்டியலில் ஒன்பதே வினாக்கள். வரிசையில் காத்திருக்கும்போதே நோயாளி நிரப்பிவிடலாம். மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும் அமைப்புக்கு ஒரு தாளும் பேனாவும் தர இயலாதா?

எங்கள் நலமையத்திடம் நாங்கள் கேட்கப்போவது இரண்டே: ஒவ்வொரு வருகையிலும் அந்தத் தாள், எசிடலோப்ராமும் குளோனசிபாமும் தனித்தனி மாத்திரைகளாக, குளோனசிபாமை நிறுத்தும் நாள் குறிக்கப்பட்ட சீட்டு. கையொப்பமிட விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள். இதைப் படித்துவிட்டு இன்றிரவே எவரும் குளோனசிபாமைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அதை மருத்துவர் துணையுடன் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.