ஒரகடம் தொழிலாளரும் க்ஷயரோகமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு க்ஷயமும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே கண்டால் அவன் கதி என்ன? மருந்துக்குக் குறைவில்லை. 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஸ்தாபித்த தாம்பரம் சானடோரியத்தில் 2004 முதல் எச்.ஐ.வி. மருந்தும் இலவசமே. க்ஷயத்திற்குக் குறைந்தது ஆறு மாதம், மற்றதற்கு ஆயுள் முழுவதும்; தவறாது உண்போர் பெரும்பாலும் பிழைக்கின்றனர்.

ஆனால் மருந்து வாங்கச் சென்ற நாளுக்குக் கூலி யார் தருவார்? ஈ.எஸ்.ஐ. நோய்ப்படி நெடுநாள் படுத்தவனுக்கு உதவும். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி செல்பவனுக்கு உதவாது. எச்.ஐ.வி.க்காக வேலைநீக்கம் கூடாதென்கிறது 2017-ம் வருஷச் சட்டம். காரணமே கூறாது, "நாளை வரவேண்டாம்" என்னும் ஒப்பந்தக்காரரை அச்சட்டம் என்ன செய்யும்? கூலிக்கு அஞ்சி மருந்தை விடுபவனிடம் க்ஷயக்கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. அவனுடன் ஒரே அறையில் உறங்குவோரையும் அது பற்றும்.

சிகிச்சை நாட்களுக்குச் சம்பளத்துடன் லீவு அளிக்கும்படி சர்க்கார் உடனே உத்தரவிட வேண்டும். ஒப்பந்தக்காரரைக் காட்டி ஆலை முதலாளிகள் தப்ப அதில் இடமிருக்கலாகாது.