டெங்கு நெகட்டிவ்... ஆனாலும் காய்ச்சல் விடலையா? திருவள்ளூர் பட்டியலில் இருக்கும் 'ஸ்க்ரப் டைபஸ்' பற்றி தெரிஞ்சுக்கோங்க

நாலு நாளா காய்ச்சல். தலை பிளக்குது. டெங்கு டெஸ்ட் எடுத்தாச்சு, நெகட்டிவ். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. 'வைரல் ஃபீவர்தான், தானா சரியாயிடும்' என்று பாராசிட்டமாலும் கூடவே ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாச்சு. ஆறாவது, ஏழாவது நாளில் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது.

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் பலர் வீட்டில் நடக்கிற கதை இது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வந்திருப்பது ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். 2025 ஜனவரி தொடக்கத்தில் இந்த நோய் குறித்து தமிழக பொது சுகாதாரத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. அதில் பெயர் சொல்லப்பட்ட மாவட்டங்களில் சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர் ஆகியவற்றோடு திருவள்ளூரும் உண்டு.

கடிப்பது எது?

உண்ணி என்றதும் நாய் மேல் இருக்கும் உண்ணியை நினைக்க வேண்டாம். இது வேற. மைட் என்ற மிகச்சிறிய பூச்சியின் இளம்புழுதான் மனிதரைக் கடிக்கிறது. அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. புல், புதர், வரப்பு, எலி நடமாடும் இடங்களில் இருக்கும். கடித்தால் வலிக்காது. அந்தக் கடி வழியாக 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. (ஜப்பானியப் பெயர். 'முஷி' என்றால் பூச்சி.) காய்ச்சல் தொடங்குவது பெரும்பாலும் 10 நாள் கழித்துதான். அதற்குள் எங்கே போனோம், எந்தப் புல்லில் உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் புண் வரலாம். டாக்டருக்குக் கிடைக்கும் பெரிய துப்பு அதுதான். சிக்கல் என்னன்னா, அது எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழே என்று மறைவான இடத்தில் இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் ரெண்டு நிமிஷம் பார்க்கும் டாக்டரிடம் ஒரு பெண் அந்த இடத்தைக் காட்டுவாரா, அவரும் கேட்பாரா?

தேர்வாய் கண்டிகைக்கு என்ன சம்பந்தம்?

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் வருவதற்கு முன்பு, அந்த நிலம் ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்த்த புதர்க்காடு. சுமார் 1,100 ஏக்கர். கொடுக்க மாட்டோம் என்று மக்கள் போராடியது பழைய செய்தி. இன்று அங்கே டயர் தொழிற்சாலை நிற்கிறது. பக்கத்திலேயே 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். மிச்சமிருக்கும் புதருக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வேலி, காலி மனை, வடமாநிலத் தொழிலாளர்களின் தங்குமிடங்கள். அங்கே நோய் பரவிவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் இந்த பாக்டீரியாவைச் சுமக்கும் பூச்சிக்குப் பிடித்தது இப்படிப்பட்ட ஓர நிலம்தான். புல் வெட்டுகிறவர், விறகு பொறுக்குகிறவர், ஆடு மேய்க்கிறவர், ஷிப்ட் முடிந்து புல்வெளியில் சாய்கிறவர் எல்லோரும் அதன் பாதையில் இருக்கிறார்கள்.

உலகத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. பெருவில் 1870-களில் லிமாவிலிருந்து லா ஒரோயாவுக்கு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோது, புதுவகைக் காய்ச்சலில் ஏராளமான கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். பரப்பியது மணல் ஈ, காரணம் ஒரு பாக்டீரியா. அந்த ஊரில் சிலருக்கு வரும் சிவப்பு மருவும் இந்தக் காய்ச்சலும் ஒரே நோய்தானா என்று பார்க்க, 1885-ல் டேனியல் கரியோன் என்ற மருத்துவ மாணவர் மருவிலிருந்து எடுத்த ரத்தத்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். இப்போது நோய்க்கே அவர் பெயர். இன்னமும் உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத நோய்தான் அது. பூச்சி வேறு, கிருமி வேறு. பாதிக்கப்படுகிறவர்கள் மட்டும் ஒரே மாதிரி ஆட்கள்.

வேலூர் ஆய்வுகள் சொல்வது

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்படலாம். உலக அளவில் முக்கியமான ரெண்டு ஆய்வுகளிலும் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு வருடம், சில வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். முடிவு 2025-ல் வெளியானது. நோய் அதிகமுள்ள இடங்களில் வருடத்துக்கு 10 சதவீதம் பேர் வரை கிருமித் தொற்றுக்கு ஆளாகிறார்கள். அவர்களில் சிறு பகுதியினருக்கே காய்ச்சல் வருகிறது, ஆனால் வந்தவர்களில் சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகிறது.

இன்னொன்று 2023-ல் வந்தது. இந்தியாவில் நோய் முற்றிய கிட்டத்தட்ட 800 பேரிடம் மருந்துகளை ஒப்பிட்டார்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுத்தபோது மரணம், தீராத சிக்கல், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று 33 சதவீதம் பேருக்கு. தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48 சதவீதம்.

இரண்டுமே பழைய மருந்து, விலையும் குறைவு. அப்புறம் ஏன் சாகிறார்கள்? முதலில் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக் பல நேரம் அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை. இந்த பாக்டீரியா நம் ரத்தக்குழாய்ச் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் அவை இதை ஒன்றும் செய்வதில்லை. 'ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் கேட்கல' என்று சொல்லும் அந்த மூன்று நாளில்தான் நுரையீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. டெங்குவுக்குப் புகை வண்டி தெருத்தெருவாக வருது. இதுக்கு வண்டியும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

நீங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியது

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், கடந்த ரெண்டு மூணு வாரத்தில் புல், புதர், வயல் பக்கம் போனதைச் சொல்லுங்கள். உடம்பில் கருப்புப் புண் இருக்கான்னு வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். 'ஸ்க்ரப் டைபஸ் ஐ.ஜி.எம். எலைசா டெஸ்ட் எடுக்கலாமா?' என்று நீங்களே கேட்கலாம், தப்பில்லை. ஆரம்ப நாட்களில் இந்த டெஸ்டும் நெகட்டிவ் காட்டலாம். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கும் டாக்டர் அவசரப்படுகிறார் என்று நினைக்காதீர்கள். சரியான மருந்து என்றால் பெரும்பாலும் ரெண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், குறிப்பாகக் கர்ப்பிணிகள். அவர்களுக்குக் கொடுப்பது அசித்ரோமைசின்.

புதர் மேல் துணி காயப்போடாதீர்கள். புல் வேலைக்கு முழுக்கை, முழுக்கால் உடை. வேலை முடிந்து வந்ததும் சோப்பு போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியையும் அன்றே துவைத்துவிடுங்கள்.